வன்னியில் ஹாம் றேடியோத் தொண்டு: திருவிழாவுக்கும் வெள்ளத்துக்கும் ஒரு தொடக்க வழிகாட்டி

இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் முதலில் போவது கரண்ட். தொலைபேசிக் கோபுரங்கள் தங்கள் பற்றரியில் சில மணிநேரம் ஓடும். அதற்குப் பிறகு டீசல் வேண்டும். டீசல் கொண்டுவரும் வாகனமோ வட்டுவாகல் பாலத்தில் தண்ணீர் வடியும்வரை ஒரு கரையில் நிற்கும். 2018 டிசம்பரில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோதும், 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரை கடந்தபோதும் அதிகாரிகளுக்கு வேண்டியிருந்த தகவல் ஒரே மாதிரியானது: எந்த வீதி திறந்திருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், யாருக்கு உடனே மருந்து வேண்டும். எல்லாம் இரண்டு மூன்று வரிச் செய்திகள். அவற்றைச் சிதையாமல் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் ஹாம் றேடியோத் தொண்டரின், அதாவது அமெச்சூர் வானொலியில் பேசுபவரின், வேலை. படகில் ஏறி ஆட்களை மீட்பது வேறு ஆட்களின் வேலை.

அதற்கான பயிற்சிக்களம் திருவிழா. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் இரவிலும் மடு மாதா ஆவணித் திருவிழாவிலும் போனில் கோடு முழுதாக இருக்கும், அழைப்புப் போகாது. கூட்டத்தில் ஒழுங்காகப் பேசப் பழகாதவர் வெள்ளத்தில் பேசித் தேறமாட்டார்.

அனுமதிப்பத்திரம் முதலில், றேடியோச் செற் பிறகு

இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நடத்தும் அமெச்சூர் வானொலிப் பரீட்சையில் சித்தியடைந்து, அனுமதிப்பத்திரமும் அழைப்புக்குறியும் பெற்ற பிறகே பேசும் பொத்தானில் கை வைக்கலாம். இலங்கை அழைப்புக்குறிகள் 4 எஸ் என்று தொடங்கும். எந்த அலைவரிசையில், எவ்வளவு வாற்றில் பேசலாம் என்பது உங்கள் வகுப்பைப் பொறுத்தது. அந்தப் பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து, பிளாஸ்ரிக் உறை போட்டு, செற்றோடு கட்டி வையுங்கள்.

வன்னியில் இது வெறும் சடங்கு இல்லை. கையில் வோக்கி-டோக்கியோடு காட்டோரம் நிற்பவரைப் பார்த்தால் பொலிசும் இராணுவமும் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். ஊர்ச்சனமும் ஒருமாதிரித்தான் பார்க்கும். ஆகவே எந்த நிகழ்வுக்கும் ஒரு வாரம் முன்பே கோயில் நிர்வாகம், பிரதேச செயலகம், பொலிஸ் நிலையம் மூன்றுக்கும் கடிதம் கொடுத்து, யார் எங்கே நிற்பார் என்ற பட்டியலையும் இணையுங்கள். கடிதத்தின் பிரதி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்க வேண்டும். அனர்த்த வேலைக்கு மாவட்டச் செயலகத்திலுள்ள அனர்த்த முகாமைத்துவப் பிரிவில் குழுவை முன்கூட்டியே அறிமுகப்படுத்தி வையுங்கள். வெள்ளத்தன்று போய் நாங்கள் இன்னார் என்றால் கேட்க அங்கே ஒருவருக்கும் நேரம் இராது.

பரீட்சை எழுதும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டு பேர் தேவை: ஒருவர் பேச, ஒருவர் எழுத. எழுதுபவருக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஒரு திருவிழா இரவு எழுத்துக்காரராக இருந்தவர், பிறகு பேச வரும்போது பாதி தேறியவராக வருவார்.

கைச்செற்: வாங்கியதும் செய்ய வேண்டியவை

தொடக்கத்துக்கு 5 வாற்றுக் கைச்செற் போதும். பாவ்ஃபெங் யூவி-5ஆர் வகைதான் அநேகமாகக் கையில் கிடைக்கும். மலிவு, அதற்கேற்ற குணமும் உண்டு. நிகழ்வுக்கு முன் இந்த நான்கையும் சரிபாருங்கள்.

மெனு 4, குரலால் தானாக இயங்கும் வசதி. இதை அணைத்தே வையுங்கள். திறந்திருந்தால் மேளச் சத்தத்துக்கே செற் அனுப்பத் தொடங்கிவிடும். அலைவரிசை முழுதும் அடைபடும், யார் செற் என்று கண்டுபிடிக்க அரைமணி நேரம் போகும்.

மெனு 7, இரண்டு அலைவரிசையை மாறிமாறிக் கேட்பது. இதையும் அணையுங்கள். கீழ் வரியில் கேட்ட சத்தத்துக்கு மேல் வரியில் பேசுவதாக நினைத்துப் பதில் சொல்ல, அது கீழ் வரியிலேயே போய்விடும்.

ஒலித்தொனிக் குறி, அதாவது அதே தொனியோடு வரும் பேச்சை மட்டும் கேட்கவிடும் அமைப்பு, எல்லாச் செற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும், அல்லது எதிலுமே இருக்கக்கூடாது. ஒருவருக்கு மட்டும் யாருமே கேட்கவில்லை என்றால் தொண்ணூறு வீதம் காரணம் இதுதான்.

கடைசியாக, 144–146 மெகாஹேர்ட்ஸுக்குள் குழு ஒத்துக்கொண்ட இரண்டு அலைவரிசைகளை எல்லாச் செற்றிலும் ஒரே நினைவக இலக்கத்தில் பதிந்து, விசைப்பலகையைப் பூட்டுங்கள். இந்தச் செற் தனக்கு உரிமையில்லாத அலைவரிசையிலும் பேசவல்லது. தட்டிப் பார்க்கும் விரலால் வரும் வம்பு முழுக் குழுவின் தலையிலும் விழும்.

செற்றோடு வரும் பற்றரி ஓரிரவைத் தாங்காது. ஆளுக்கு இரண்டு வேண்டும். காதுக்குள் வைக்கும் இயர்போனும் வேண்டும், லவுட்ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் செற்றின் ஸ்பீக்கர் கேட்காது.

தூரம் ஏன் கிடைப்பதில்லை

இந்த அலை ஏறத்தாழப் பார்வை போகும் தூரம்தான் போகும். அன்ரெனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் அடிவானத் தூரம் கிலோமீற்றரில் வரும். நிற்பவர் கையில் 1.5 மீற்றர் உயரத்தில் உள்ள செற்றுக்கு 5 கிலோமீற்றர். இருவர் நின்றால் கணக்குப்படி 10. பாலை, வீரை மரங்கள் அடர்ந்த காட்டுக்குள், அதுவும் மழையில் நனைந்த காட்டுக்குள், இரண்டு மூன்று கிடைத்தாலே பெரிது. அன்ரெனாவை 9 மீற்றருக்கு ஏற்றினால் அதன் அடிவானம் 12 கிலோமீற்றர் ஆகும். வன்னி தட்டையான நிலம், ஏறி நிற்க மலை இல்லை. அதனால் வாற்றுக்குச் செலவழிக்கும் காசை உயரத்துக்குச் செலவழியுங்கள்.

தலைமை நிலையத்துக்கு ஒரு நிலத்தள அன்ரெனாவை வீட்டிலேயே செய்யலாம். வேண்டியவை: எஸ்ஓ-239 வகைச் சதுரச் சொக்கற் 1, மூன்று மில்லிமீற்றர் திருகாணியும் சுரையும் 4 சோடி, ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் பித்தளைப் பற்றவைப்புக் கம்பி 5.

1. ஒரு கம்பியை 51 சென்ரிமீற்றரில் வெட்டிச் சொக்கற்றின் நடு ஊசியில் நேராக நிறுத்தி ஈயம் பற்ற வையுங்கள். கம்பியைச் சுரண்டி முதலில் சூடாக்காவிட்டால் ஈயம் உருண்டு நிற்கும், ஒட்டியதுபோலத் தெரியும், காற்றுக்கு ஆடி விட்டுவிடும்.
2. மற்ற நான்கையும் 53 சென்ரிமீற்றரில் வெட்டி, நுனியில் வளையம் போட்டு, நான்கு மூலைத் துளைகளிலும் இறுக்குங்கள். பிறகு 45 பாகை கீழ்நோக்கி வளையுங்கள். வளைக்காமல் கிடையாக விட்டால் கேபிளின் 50 ஓமோடு பொருத்தம் வராது.
3. எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றரை (அன்ரெனா ஏற்காமல் திருப்பி அனுப்பும் சக்தியைக் காட்டுவது) போட்டு, நடுக்கம்பியை 5 மில்லிமீற்றர் வீதம் நறுக்குங்கள். ஒவ்வொரு நறுக்கும் ஒத்ததிர்வை ஏறத்தாழ ஒன்றரை மெகாஹேர்ட்ஸ் மேலே தள்ளும். 145 மெகாஹேர்ட்ஸுக்கு 49 சென்ரிமீற்றர் அளவில் வந்து நிற்கும். மீற்றர் ஒன்றரைக்குக் கீழே இறங்கினால் விட்டுவிடுங்கள், மேலும் நறுக்கினால் ஒட்ட முடியாது.
4. இணைப்பை மோட்டார் சைக்கிள் ரியூப் இறப்பரால் இழுத்துச் சுற்றி, மேலே இன்சுலேசன் ரேப் போடுங்கள். கேபிள் செற்றுக்குள் நுழையும் இடத்துக்கு முன் கீழே ஒரு தொங்கல் வளையம் விடுங்கள். மழைத்தண்ணீர் கேபிள் வழியே ஓடிவந்து அந்த வளையத்தில் சொட்டிவிடும்.

கேபிளில் சிக்கனம் பார்ப்பவர் உயரத்தால் வந்த இலாபத்தைக் கேபிளிலேயே தொலைப்பார். 20 மீற்றர் ஆர்ஜி-58 கேபிளில் இந்த அலைவரிசையில் சுமார் 4 டெசிபெல் போகும். உள்ளே விட்ட 5 வாற்றில் மேலே போய்ச் சேர்வது இரண்டு. அதே நீளம் ஆர்ஜி-213 என்றால் மூன்றுக்குக் குறையாமல் சேரும்.

பனை ஆசை காட்டும் மரம். உயரம், நேர், கிளையில்லை. ஆனால் வெளியில் தனியே நிற்கும் பனைதான் இடியையும் வாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கியதும் கேபிளைச் செற்றிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். ஏறுவதற்குச் சீவல்தொழிலாளி ஒருவரைக் கேளுங்கள், நீங்களே ஏறிப் பார்க்க வேண்டாம். கயிறு கட்டவோ கம்பி இழுக்கவோ பற்றைக்குள் இறங்கும்முன் மிதிவெடி அபாயப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். பலகை இல்லை என்பதும் உத்தரவாதம் இல்லை, வெள்ளம் வெடிபொருளை இடம் மாற்றும். பாவனையிலுள்ள வளவையும் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையையும் விட்டு விலகாதீர்கள்.

பொங்கல் இரவு

வற்றாப்பளை வைகாசிப் பொங்கலை எடுத்துக்கொள்வோம். முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலிலிருந்து மடைப்பண்டம் (படையல் பொருட்கள்) ஊர்வலமாக வரும், அது ஒரு நகரும் கூட்டம். கோயில் வளவு, நிற்கும் கூட்டம். முல்லைத்தீவுப் பக்கமிருந்தும் முள்ளியவளைப் பக்கமிருந்தும் வாகனம் வந்துகொண்டே இருக்கும். இதற்கு ஐந்து நிலையம் போதும்: கோயிலில் தலைமை, முதலுதவிக் கொட்டில், இரண்டு வாகனத் தரிப்பிடங்கள், மடைப்பண்டத்தோடு நடந்துபோகும் ஒருவர்.

இரண்டு நாள் முன்னதாக, நகரும் நிலையத்துக்குரியவர் அந்த வழியைச் செற்றோடு நடந்து பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கொருமுறை தலைமையை அழைத்து, கேட்காத இடங்களை வரைபடத்தில் குறிக்க வேண்டும். சில இடங்களில் நான்கடி நகர்ந்தாலே கேட்கும். அப்படியும் கேட்காத இடத்துக்கு இடையில் ஒருவரை நிறுத்தி, செய்தியைக் கைமாற்ற வையுங்கள்.

தலைமை நிலையத்தைப் பந்தலுக்கு அருகில் வைக்காதீர்கள். மலிவான எல்.ஈ.டி. அலங்கார விளக்குகளும் ஜெனரேற்றரும் இரைச்சலை அள்ளி வீசும். தொலைபேசிக் கோபுரத்தின் அடியும் ஆகாது: செற்றின் காது அடைத்துப்போகும், நீங்கள் பேசுவது எல்லாருக்கும் கேட்கும், அவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்காது. ஆள்மாற்றம் நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை. விடியப்புறம் மூன்று மணிக்குச் செற்றோடு தூங்கிப்போனவர் இல்லாத நிலையத்தைவிட மோசம், அங்கே ஆள் இருக்கிறது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

பிள்ளை தவறிப்போனால் வயது, ஆணா பெண்ணா, உடுப்பின் நிறம், கடைசியாகக் கண்ட இடம் இவற்றை மட்டும் சொல்லுங்கள். பெயரை அலையில் விடாதீர்கள். யாரும் கேட்கலாம், பெயர் சொல்லிக் கூப்பிடுபவரோடு பிள்ளை போய்விடும். நோயாளி பெயருக்கும் இறந்தவர் பெயருக்கும் இதே விதி. ஒரு சாவுச் செய்தியை வீட்டார் செற்றில் கேட்டு அறியக்கூடாது.

பேசும் முறை

இங்கேதான் அதிகம் கெட்டுப்போகிறது. பொத்தானை அழுத்திய கணமே செற் அனுப்பத் தொடங்குவதில்லை. எதிர்முனைச் செற்றும் விழித்துக்கொள்ளச் சிறிது நேரம் எடுக்கும். அழுத்திக்கொண்டே பேசினால் முதல் அசைகள் போய்விடும். வன்னி ஊர்ப்பெயர்களில் அடையாளம் முழுவதும் முன்பாதியில்தான் இருக்கிறது. மாங்குளம், புளியங்குளம், பாண்டியன்குளம், கனகராயன்குளம்: முன்பாதி விழுங்கப்பட்டால் நான்கும் ஒரே குளம். அழுத்துங்கள், மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணுங்கள், பிறகு பேசுங்கள். முடிந்ததும் கடைசிச் சொல் வெளியே போகும்வரை விரலை எடுக்காதீர்கள்.

எண்களும் அப்படித்தான். இருபது, அறுபது, எழுபது மூன்றும் இரைச்சலில் ஒன்றுபோல ஒலிக்கும். முழு எண்ணைச் சொல்லி, பிறகு இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்.

வழக்கில் இரட்டைப் பொருள் தரும் சொற்களைக் குழுவாக உட்கார்ந்து பட்டியலிடுங்கள். “வான் வந்திட்டுது” என்றால் குளம் நிரம்பி வழிகிறதா, வாகனம் வந்ததா? “வான் பாயுது” என்றும் “வாகனம்” என்றும் பிரித்துச் சொல்லப் பழகுங்கள். “ஆறு” தண்ணீரா, எண்ணிக்கையா? ஆற்றைக் கனகராயன் ஆறு என்று பெயரோடு சொல்லுங்கள். “முகாம்” என்றால் இராணுவத்தினதா, இடம்பெயர்ந்தோரதா? தங்கியிருக்கும் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னால் குழப்பம் இல்லை. ஒரே பெயரில் இரண்டு ஊர் இருந்தால் கிராம அலுவலர் பிரிவு இலக்கத்தையும் சேருங்கள்.

ஒரு நிகழ்வில் நிலையங்களுக்கு வேலைப்பெயர் வையுங்கள்: தலைமை, கொட்டில், சந்தி. ஆள் மாறினாலும் பெயர் மாறாது. உங்கள் அழைப்புக்குறியைப் பத்து நிமிடத்துக்கொருமுறையும் பேச்சு முடிவிலும் சொல்ல மறக்காதீர்கள். பேச்சு இப்படி இருக்கட்டும்:

“தலைமை, இது சந்தி.”

“சந்தி, சொல்லுங்கோ.”

“முதியவர் ஒராள், ஆண், வயது அறுபது அளவு, ஆறு சைபர். மயக்கம், மூச்சு இருக்கு. தண்ணீர்ப்பந்தலுக்கு வடக்குப் பக்கம். அம்புலன்ஸ் வேணும். ஓவர்.”

“சந்தி, திருப்பிச் சொல்லுறன். ஆண், ஆறு சைபர், மயக்கம், மூச்சு இருக்கு, தண்ணீர்ப்பந்தலுக்கு வடக்கு, அம்புலன்ஸ். சரியோ?”

“சரி.”

“நேரம் இருபத்திரண்டு பதினைஞ்சு. தலைமை.”

திருப்பிச் சொல்லாத செய்தி போய்ச் சேராத செய்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்காரர் கொப்பியில் ஆறு நிரல் கோடு போட்டிருப்பார்: தொடர் இலக்கம், நேரம், யாரிடமிருந்து, யாருக்கு, செய்தி, என்ன நடந்தது. கடைசி நிரல் வெறுமையாக உள்ள ஒவ்வொரு வரியும் இன்னும் முடியாத வேலை. கொப்பியும் பென்சிலும்தான் நல்லது, பேனை நனைந்த தாளில் எழுதாது.

வெள்ளம்: நீண்ட தூரத்துக்கு

கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவு நேர்கோட்டில் ஏறத்தாழ 45 கிலோமீற்றர். இரண்டு முனையிலும் 9 மீற்றர் அன்ரெனா இருந்தாலும் கணக்குப்படி 25 கிலோமீற்றர்தான். அந்தத் தூரத்துக்கும், முல்லைத்தீவிலிருந்து 280 கிலோமீற்றர் அளவிலுள்ள கொழும்புக்கும் சிற்றலைதான் வழி. 2004 சுனாமிக்குப் பிறகு அம்பாந்தோட்டையைக் கொழும்போடு பேசவைத்தவர்கள் இலங்கை வானொலிச் சங்கத்தின் ஹாம்கள். அவர்கள் பாவித்ததும் சிற்றலைதான்.

இதற்கு அன்ரெனாவை உயர்த்தக்கூடாது, தாழ்த்த வேண்டும். தரையிலிருந்து நான்கைந்து மீற்றரில் கிடையாகக் கட்டிய இருமுனைக் கம்பி அலையை நேரே மேலே எறியும், அது அயனமண்டலத்தில் பட்டுச் சுற்றியுள்ள சில நூறு கிலோமீற்றருக்குள் குடைபோலக் கொட்டும். 7.1 மெகாஹேர்ட்ஸுக்கு முழு நீளம் 20 மீற்றர், பக்கத்துக்குப் பத்து. வெட்டும்போது பக்கத்துக்குக் கால் மீற்றர் கூடுதலாக விட்டு, பிறகு நறுக்குங்கள். 3.6 மெகாஹேர்ட்ஸுக்கு இதன் இரட்டிப்பு. பகலில் 7, இரவு அது அடங்கினால் 3.6 என்பது பொது விதி. இடிகாலத்தில் 3.6 இல் இரைச்சல் காதைப் பிளக்கும், ஆகவே முக்கியமான செய்திகளை மாலைக்கு முன் அனுப்பிவிடப் பாருங்கள். நம் வலயத்தில் அவசரத் தொடர்புக்கென ஒத்துக்கொள்ளப்பட்ட மைய அலைவரிசைகள் 3.600, 7.110, 14.300, 18.160, 21.360 மெகாஹேர்ட்ஸ். உங்களுக்கு அவசரம் இல்லாத நாளிலும் அவற்றில் பேசும்முன் சிறிது நேரம் கேளுங்கள்.

மின்சாரத்தைத் தாளில் கணக்கிடுங்கள். 100 வாற்றுச் செற் கேட்கும்போது 1 அம்பியர் அளவில் எடுக்கும்: ஒரு நாளுக்கு 24 அம்பியர் மணி. மொத்தம் இரண்டு மணிநேரம் பேசினால், சராசரி 8 அம்பியர் என்று வைத்து, 16. கூட்டினால் 40. கார்ப் பற்றரியைப் பாதிக்குமேல் வடித்தால் அது பழுதாகும், எனவே 80 அம்பியர் மணி வேண்டும். உழவு இயந்திரத்தின் பற்றரி இதற்கு நெருங்கி வரும், வெள்ளத்துக்குள் ஓடும் வாகனமும் அதுதான். மாரிமழையில் சோலர் பனலை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

பேச அழுத்தியதும் செற் அணைந்து மீண்டும் எரிந்தால் பற்றரியைத் திட்டும்முன் வயரைப் பாருங்கள். பற்றரிக்கும் செற்றுக்கும் 5 மீற்றர் தூரம், 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் என்றால், போகவரப் பத்து மீற்றரில் 20 அம்பியர் ஓடும்போது ஒன்றரை வோல்ற் வயரிலேயே போகும். 12.5 வோல்ற் செற்றில் 11 ஆகி வரும், செற் கைவிடும். 6 சதுர மில்லிமீற்றர் போட்டால் இழப்பு 0.6. பற்றரி முனையிலேயே இரண்டு வயருக்கும் பியூஸ் போடுங்கள். சிவப்பும் கறுப்பும் மாறிப்போகாத சொக்கற்றை இப்போதே பொருத்துங்கள், இருட்டில் நனைந்த கையோடு நிறம் தெரியாது.

வெளிமாவட்டத்துக்குப் போகும் செய்தியை அனுப்பும்முன் கேட்பவர் எந்த மொழிக்காரர் என்று விசாரியுங்கள். தமிழில் எழுதிக் கொடுத்ததை அலையில் வைத்து மொழிபெயர்க்காதீர்கள். முதலில் தாளில் மாற்றி, கொடுத்தவரிடம் காட்டி, பிறகு வாசியுங்கள். குளத்து நீர்மட்டத்தை அடியில் சொன்னால் “அடி” என்பதையும் சேர்த்தே அனுப்புங்கள். 36 அடியும் 36 அங்குலமும் ஒன்றல்ல.

வேலை முடிந்ததும் கேபிளை முழங்கையில் சுற்றி முறுக்காமல் பெரிய வளையமாகச் சுற்றுங்கள். இணைப்புகளைத் திறந்து ஒரு நாள் நிழலில் உலர விடுங்கள், உள்ளே நின்ற ஈரம் அடுத்த மாரிக்குள் செம்பைப் பச்சையாக்கிவிடும். பற்றரி ஒவ்வொன்றிலும் ஒரு ரேப் துண்டு ஒட்டி, கடைசியாக ஏற்றிய திகதியை எழுதுங்கள். புரட்டாதி முடியும்முன் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றி, எழுதிய திகதியை மாற்றுங்கள்.